கறுப்புத் துணி போட்ட தொட்டி

எங்கள் வீட்டுப் பேத்தை மீனுக்குக் கண் தெரியவில்லை என்று முதலில் சொன்னது என் மனைவி. இருட்டில் யாருக்குத்தான் கண் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல. வேலை முடிந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி குசினி வாசலில் நின்று சிரித்துக்கொண்டு சொன்னது. பதிலை விட அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இதை ஒழுங்காகச் சொல்வதென்றால் என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். நான் மாத்தளை மாவட்டத்தில் காசநோய்ப் பிரிவில் வேலை செய்யும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நோயாளிகளின் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய், மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. காசநோய் மருந்தில் ஒரு தொல்லை உண்டு. சில வாரங்களில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், ஆனால் மருந்து இன்னும் பல மாதங்களுக்கு இருக்கும். அந்த இடத்தில்தான் ஆட்கள் நழுவுவார்கள். வில்கமுவவில் ஒருவர் அறுவடை நேரத்தில் மாத்திரையை விட்டுவிட்டார். நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நோயும் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். "பாதியில நிப்பாட்டக் கூடாது" என்ற வார்த்தையை நான் எத்தனை வீட்டு வாசல்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது என் வாயில் ஊறிப்போன வார்த்தை.

ஊறிப்போன இன்னொன்றும் உண்டு. ஆரம்ப மாதங்களில் நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். அந்த நேரத்தில் கவனித்து நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். கவனிக்காமல் விட்டால் திரும்பாமலே போகலாம். அதனால் என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனையும் ஒரு பச்சைப் பேனையும் இருக்கும். போகும் ஒவ்வொரு வீட்டிலும் அவற்றை நீட்டி, என்ன நிறம் என்று கேட்பேன். கேட்காமல் ஒரு வீட்டை விட்டும் வந்ததில்லை.

அலுவிகாரையில் எங்கள் வீட்டு மண்டபத்தில் கடல் மீன் தொட்டி வைத்தது என் ஆசை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருகோணமலைக்கோ நீர்கொழும்புக்கோ போக வேண்டிய ஊரில், உப்பைக் கரைத்துக் கடல் செய்வது எனக்குப் பிடித்திருந்தது. இங்குள்ள கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதை வடிகட்டி, உப்பு சேர்த்து, உவர்ப்பை அளந்து, சூட்டை அளந்து ஊற்றுவேன். "உங்களுக்கு மீன் வேணாம், அளக்கிறதுக்கு ஏதாவது இருந்தா போதும்" என்று என் மனைவி சொல்வார். அதில் பொய் இல்லை.

ஆனால் பேத்தை மீன் வந்த பிறகு தொட்டி அவருடையதாகிவிட்டது. உள்ளங்கை அளவு மீன், மிரண்டால் பந்துபோல ஊதிக்கொள்ளும். உடம்பெல்லாம் படிந்த முள். முகத்தில் பாதி கண்தான், அதற்குள் பச்சைப் பொட்டுக்கள் மின்னும். மற்ற மீன்களைப் போல அது சும்மா நீந்தித் திரியாது. கண்ணாடி ஓரமாக வந்து நின்று, ஒரு கண்ணை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் உருட்டி, வீட்டில் நடப்பதையெல்லாம் பார்க்கும். என் மனைவி ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பள்ளி விட்டு வந்து அவர் குசினிக்கும் மண்டபத்துக்கும் நடக்க நடக்க, அதுவும் தொட்டிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும்.

"பாருங்க, துரை பெரட்டு எடுக்கிறாரு" என்பார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் துரையின் பார்வைதான் அதற்கு. அன்றிலிருந்து அதன் பெயர் துரை. இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து அவர் கையைத் தூக்கினாலே அது தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து நிற்கும். நான் தூக்கினால் முதலில் என் பின்னால் அவர் இருக்கிறாரா என்று பார்க்கும்.

பேத்தையின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்க்க ஓடுள்ள நத்தைகளைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை நான் வாங்கி வந்த நத்தைகளோடு வெள்ளைப் புள்ளி நோயும் வந்துவிட்டது. உப்புத் தூவியதுபோல உடம்பில் புள்ளிகள். அது கல்லில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கியது. நீர்கொழும்பில் எனக்கு மீன் விற்கும் கடைக்காரரிடம் கேட்டேன். செம்பு மருந்து பேத்தைக்கு ஆகாது, குளோரோகுயின் தூள் அனுப்புகிறேன், வேறு தொட்டியில் தனியாக வைத்து மருந்து போடுங்கள் என்றார். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும், தொட்டியை மூடி வையுங்கள் என்றும் சொன்னார்.

குளோரோகுயின் எனக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொடுத்த மருந்து. மனிதர்கள் அதை நீண்ட காலம் எடுத்தால் கண்ணைப் பாதிக்கலாம் என்பதும் என் துறையில் இருப்பவனுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்துதான் போட்டேன். சில வாரங்கள்தானே என்று நினைத்தேன்.

ஸ்டோர் ரூமில் வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தேன். உள்ளே மணல் இல்லை, கல் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும். தூளை நிறுத்துக் கரைத்தேன். மேலே கறுப்புத் துணியை நான்கு பக்கமும் தொங்கும்படி போட்டேன். தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டுமே மருந்து சேர்த்தேன். ஒரு கிராமில் சிறு பங்கு கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாப்பாடு கொடுப்பது மட்டும் அவருடைய வேலை.

மருந்து பாதிக்கு மேல் போயிருந்த நாட்களில், எங்கள் மாவட்டத்து நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரரின் வீட்டுக்குப் போனேன். அவர் எங்கள் மருந்தில் இருந்தார். முஸ்லிம் வீடு; அண்ணனை நானா, அக்காவை ராத்தா என்றுதான் அங்கே கூப்பிடுவேன். முன்னறையே கடை. தையல் மெஷினுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்க, அவருடைய மனைவி என்னைக் கண்டதும் உள்ளேயிருந்து வேகமாக வந்தார்.

"சேர், இவருக்கு கண்ணில ஏதோ ஈக்கிது."

"அவ பேச்சக் கேக்காதீங்க சேர்" என்றார் தையல்காரர். "கண்ணு ஈக்கிறதாலதானே நான் ஊசியில நூல் கோக்குறன்."

"கோக்குறது சரி, எந்த நூலக் கோக்குறீங்க? மெரூன் பிளவுஸுக்கு பச்ச நூலால கை வெச்சி ஈக்கிறாரு சேர். தெக்கக் குடுத்த புள்ள வந்து சிரிச்சிட்டுப் போறா."

"அது புது ஃபெஷன். ஒனக்கு வெளங்காது."

நான் பேனைகளை நீட்டினேன். "நானா, இது என்ன நிறம், இது என்ன நிறம்?"

அவர் இரண்டையும் வாங்கி, யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் ஒரே பேனதானே சேர்? என்னய ஏமாத்தப் பாக்குறீங்க."

அவருடைய மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "ராத்தா, எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டேன். அந்த அம்மா சொல்லச் சொல்ல முழுவதையும் கேட்டேன். இடையில் ஒரு சொல் பேசவில்லை. மருந்தை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. அங்கேயே நின்று டாக்டருக்கு போன் எடுத்தேன். மாத்திரையை இன்றைக்குக் கொடுக்க வேண்டாம், நாளைக் காலையில் கிளினிக்குக் கூட்டிவாருங்கள் என்றார். தையல்காரரின் முகம் அப்போதுதான் மாறியது. கையிலிருந்த பேனைகளை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனது லேசாக இருந்தது. ஒரு மனிதருடைய கண்ணை, ஒரு தொழிலைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு. அந்த நினைப்போடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க, துரைக்கு கண்ணு தெரியல போல இருக்கு" என்றார் என் மனைவி.

"துணி போட்டிருக்கு. இருட்டுல யாருக்குத்தான் கண்ணு தெரியும்?"

"துணியத் தூக்கித்தானே சாப்பாடு குடுக்கிறேன். இறாலை மூக்குக்கு முன்னாலயே ஆட்டுறேன். அது சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்குது."

"மருந்துக்குப் பசி குறையும். எங்க ஆளுங்களுக்கும் அப்படித்தான்."

"பசி இல்லாம இல்ல. வாயைத் தொறக்குது, இடம்தான் தெரியல. கரும்பலகை தெரியாத பிள்ளை எங்க வகுப்புல இப்படித்தான் தலையைச் சாய்ச்சுக்கிட்டு இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"இன்னும் கொஞ்ச நாள்தான். பாதியில நிப்பாட்டினா நோய் திரும்பும்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் உங்க நோயாளி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் ஸ்டோர் ரூமுக்குப் போய்த் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பத்து அடி தூரம். போகவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, தேநீர் குடித்தேன். நாட்குறிப்பில் தையல்காரரைப் பற்றி எழுதினேன். மீனைப் பற்றி எழுத அன்று ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மருந்துக் காலம் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் யன்னலைத் திறந்து, துணியை மடித்து எடுத்தேன். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. தோல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் சந்தோஷத்தோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் பின்னால் நின்றார்.

மீன் குழாய்க்குப் பக்கத்தில் நின்றது. கண்மணி இரண்டும் விரிந்திருந்தன. யன்னல் வெளிச்சம் நேரே விழுந்தும் அவை சுருங்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் கையை அசைத்தேன். டோர்ச்சை எடுத்து வந்து ஒரு கண்ணுக்கு நேரே அடித்தேன், பிறகு மற்றக் கண்ணுக்கு. பச்சைப் பொட்டுக்கள் எப்போதும்போல மின்னின. கண் உருளவில்லை. நீந்தப் பார்த்து, கண்ணாடியில் முகத்தை இடித்து, கொஞ்சம் பின்வாங்கி, அதே இடத்தில் மறுபடி இடித்தது.

"இப்ப இருட்டு இல்லையே" என்றார் என் மனைவி. அரிசி களையப் போய்விட்டார்.

நான் மண்டபத்துக்கு வந்து கடைக்காரருக்கு போன் எடுத்தேன். சற்றுப் பிறகு என் மனைவியும் வந்து, மேசையில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தார்.

"சில மீனுக்கு அப்படி ஆகுது அண்ணே" என்றார் கடைக்காரர். "மருந்தாவும் இருக்கலாம். நோய் முன்னமே கண்ணுக்குள்ள இறங்கியிருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்ல ஏலாது. எப்ப கவனிச்சீங்க?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

மேசையில் என் மனைவியின் பேனை ஒரு கணம் நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

"அதான் பிசகிப்போச்சு. முன்னமே தெரிஞ்சிருந்தா உடனே தண்ணிய மாத்தி, கரி போட்டு மருந்த உறிஞ்ச விட்டிருக்கலாம். அப்படி ஒண்டு ரெண்டு தப்பியிருக்கு. சரி, இனி என்ன செய்ய? தானாச் சாப்பிடாட்டி வெச்சிருக்கிறது பாவம் அண்ணே. கராம்புத் தைலம் தெரியும்தானே, கொஞ்சம் தண்ணியில விட்டா அப்படியே தூங்கிப் போயிரும். உங்க ஊர்ல இல்லாததா?"

இல்லாததா. எங்கள் வீதியில் ஏலமும் கராம்பும் விளையும் வாசனைத் தோட்டத்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்று நாள் மீன் எதையும் வாயில் வைக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, வேலை விட்டு வரும்போது ஒரு கடையில் இறங்கினேன். கடைக்காரப் பெண், "பல்லா சேர்? பஞ்சுல நனைச்சு வைங்க" என்று சொல்லிச் சின்னப் போத்தலைக் கடதாசியில் சுற்றித் தந்தார். நான் தலையாட்டினேன்.

போத்தலின் மூடி இறுக்கமாக இல்லை. வீட்டுக்குள் வந்ததும் வாசம் எனக்கு முன்னால் போய்விட்டது. என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பல் வலியா?"

ஆமென்று சொல்ல வாய் வந்தது. ஏற்கெனவே ஒரு பொய்யை அவருடைய காதில் விழும்படி சொன்னவன். சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். "மீனுக்கு" என்றேன். கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து போத்தலை எடுத்தார். மூடியைத் திருகி இறுக்கினார். அலுமாரியில் மருந்துகள் இருக்கும் தட்டில், ஆகப் பின்னால், அதை வைத்து மூடினார்.

"நீங்க குடுத்த மருந்து போதும்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் பள்ளிக்குப் புறப்படும் முன் ஸ்டோர் ரூமுக்குப் போவார். தொட்டியின் விளிம்பில் இடுக்கியால் தட்டுவார். டக் டக் என்று மெல்லிய சத்தம். பிறகு இறால் துண்டை மீனின் உதட்டில் தொடுவார். முதல் நாட்களில் அது மிரண்டு, தண்ணீரைக் குடித்து, பந்துபோல ஊதி, முள்ளெல்லாம் நிமிர்த்தி நின்றது. "சரி சரி, நான்தான்" என்று அவர் பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். அது வடியும்வரை காத்திருப்பார். மறுபடி தட்டுவார். மாலையிலும் அப்படியே. ஒரு நாள் ஸ்டோர் ரூமிலிருந்து சத்தமாக, "கடிச்சிட்டான்!" என்றார். நான் ஓடிப் போனேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு என்னைக் கண்டதும் கொஞ்சம் குறைந்தது.

எனக்கு இருந்தது தண்ணீர் மாற்றும் வேலை. கரி போட்டேன், வடிகட்டியைக் கழுவினேன். என் கை தண்ணீரில் இறங்கினால் மீன் குழாய்க்குள் போய்விடும். மருந்தும் வலையும் குழாயும் எல்லாம் அந்தக் கையோடுதானே வந்தன. சாப்பாடு கொடுக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தையல்காரரின் வீட்டுக்கு மறுபடி போனபோது சில வாரங்கள் கடந்திருந்தன. அந்த மருந்தை மட்டும் நிறுத்தி மற்றவற்றைத் தொடர்ந்திருந்தார்கள். நான் பேனையை எடுக்கும் முன்பே அவர் கையை நீட்டினார்.

"குடுங்க சேர். இது சேப்பு. இது பச்ச. கொஞ்சம் மங்கல்தான், ஆனா இனி என்னய ஏமாத்த ஏலாது."

"இப்பயும் நூலப் போட முந்தி என்னக் கூப்பிட்டுத்தான் கேக்குறாரு" என்றார் அவருடைய மனைவி. எனக்கு பிளேன்டீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். "நான் சொல்லக்குள்ள வீட்டுல யாரும் காதில வாங்கல்ல சேர். நீங்கதான் கேட்டீங்க. அல்லாஹ் ஒங்கட வீட்டுல யாருக்கும் கண்ணுக்கு ஒரு கொறயும் வைக்காமக் காப்பாத்தட்டும்."

தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வைத்துவிட்டு வந்தால் அந்த அம்மாவுக்கு மனம் நோகும்.

அதுவரை நான் தையல்காரரின் விஷயத்தை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பெருமையாகச் சொல்ல வேண்டியது. நோயாளியின் பெயரைச் சொல்லாமல் இப்படிப்பட்ட கதைகளை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து இறால் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெரூன் பிளவுஸ், பச்சை நூல், பேனை, டாக்டர். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இது எப்ப?" என்றார் கடைசியில்.

"நீ துரைக்கு கண்ணு தெரியலன்னு சொன்னியே, அன்னைக்கு. அங்க இருந்துதான் வந்தேன்."

இறால் தோல் ஒன்று அவர் விரலில் ஒட்டியிருந்தது. அதைக் கிண்ணத்தின் ஓரத்தில் துடைத்தார். அதற்கு அவசியமானதை விட நெடுநேரம் துடைத்தார்.

"அந்த அம்மா சொன்னதும் கேட்டிருக்கீங்க" என்றார்.

"கேட்டேன்."

"நானும் அதைத்தானே சொன்னேன்."

"ஆமா."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தேன். கடைக்காரரிடம் சொன்ன பொய்யைப் பற்றியும் சொல்ல வந்தேன். அவர் அதற்கு முன் எழுந்து, வாங்கில் கிடந்த இடுக்கியை எடுத்து, ஒரு இறால் துண்டைப் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"தட்டுங்க. மெதுவா."

தட்டினேன். குழாய்க்குள்ளிருந்து மூக்கு வெளியே வந்தது. வழக்கமாக அவர் நிற்கும் இடது பக்கம் திரும்பியது. நான் வலது பக்கம் நின்றிருந்தேன்.

"உங்க தட்டு அதுக்குப் பழக்கமில்ல. இன்னொரு தடவை."

மறுபடி தட்டினேன். அது வந்தது. இறால் இருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி வாயைத் திறந்து, தண்ணீரைக் கடித்து, மூடியது. நான் இடுக்கியை அதன் வாய்ப் பக்கம் நகர்த்தப் போனேன்.

"கையை ஆட்டாதீங்க. நீங்க ஆட்டினா அதுக்கு எங்கன்னு தெரியாது. அதுவே தேடி வரட்டும்."

ஆட்டாமல் பிடித்தேன். அது மறுபடி கடித்தது, மறுபடி தவறியது. உதடு இடுக்கியின் கம்பியில் பட்டு, தடவிக்கொண்டே கீழே இறங்கியது. என் முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அந்தக் கண் அகலத் திறந்து, பொட்டுக்கள் மின்ன, என்னைத் தாண்டிக் கூரையைப் பார்த்திருந்தது. மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் என் மனைவி.

பிடித்துக்கொண்டே நின்றேன்.